வந்து சேர்வதற்குள் நின்றுவிடும் ரத்தம்

உணவுப் பாதையில் ரத்தம் பெருகுவதற்குக் காரணம் கேட்டால் மருத்துவ மாணவர் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்: குடல்புண், கல்லீரல் சுருங்கியதால் உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள், வலி மாத்திரை அரித்த இரைப்பை, புற்று. கணையம் அந்தப் பட்டியலின் கடைசியில் வரும். பல நேரம் வரவே வராது. கணையத்தின் வழியாகக் குடலுக்குள் ரத்தம் இறங்குவது 1,500 ரத்தக்கசிவுகளில் ஒன்று என்று மருத்துவ நூல்கள் வழிவழியாக எழுதிவருகின்றன. அரிது என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் அதைத் தேடுகிறவர்கள் குறைவார்கள். தேடுகிறவர்கள் குறைந்தால் கிடைக்கும் கணக்கும் குறையும். குறைந்த கணக்கு மறுபடியும் அரிது என்ற பெயருக்குச் சான்றாகும். மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் வயிற்று நோய்கள் வாழ்ந்த கதையை வைத்துப் பார்த்தால், இந்த நோய் அரிதாகத் தெரிந்ததில் நோயின் பங்கைவிடப் பார்வையின் பங்கு பெரிது என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில் நோயின் வழியைப் புரிந்துகொள்ள வேண்டும். பழந்தமிழில் கணையம் என்றால் கோட்டைக் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் மரம். இன்று அந்தச் சொல்லைத் தாங்கும் சுரப்பியும் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்கே கிடக்கிறது. வெளியிலிருந்து தொட்டறிய முடியாது. இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கும் சாறு அதில் ஊறுகிறது. அழற்சியில் சுரப்பி சிதைந்தால் சாறு கசிந்து பக்கத்தில் தேங்கும். உடல் அதைச் சுற்றி நாரால் ஒரு சுவர் எழுப்பும். உட்புறத் தோல் இல்லாத அந்தப் பையைப் போலி நீர்க்கட்டி என்கிறோம். மண்ணீரலுக்குப் போகும் பெரிய தமனி கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து ஓடுகிறது. சோற்றோடு உண்ட கறியைக் கரைக்கும் சாறு அந்தத் தமனியின் சுவரையும் அரிக்கும். அரித்த இடம் பலூன்போலப் புடைத்து, ஒருநாள் கட்டிக்குள் உடையும். கட்டிக்கும் கணைய நாளத்துக்கும் தொடர்பு இருந்தால் ரத்தம் நாளத்தில் இறங்கி, பித்தமும் கணையச் சாறும் வந்து சேரும் அதே வாசல் வழியாக முன்சிறுகுடலுக்குள் விழும். நாளத்தில் ரத்தம் தேங்கி உறையும்போது வலி ஏறும். உறைந்தது கழன்று குடலில் விழுந்ததும் வலி தணியும். சில மணி நேரத்தில் மலம் தார்போலக் கருக்கும். பிறகு எல்லாம் அடங்கிவிடும். சில நாளோ சில வாரமோ கழித்து மீண்டும் தொடங்கும். கட்டி மண்ணீரல் சிரையை நெரித்து, அதனால் இரைப்பையின் நாளங்கள் புடைத்து உடைவதும் உண்டு. ஆனால் ஆளையும் மருத்துவரையும் ஒருசேர ஏமாற்றுவது, விட்டுவிட்டு வரும் முதல் வகைதான்.

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது மிக அண்மையில். கணையக் கட்டிகளைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மோர்காக்னி எழுதியிருக்கிறார். பிணத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டி தெரிந்தது, ரத்தம் வந்த வழி தெரியவில்லை. மண்ணீரல் தமனியின் புடைப்பு கணைய நாளத்துக்குள் உடைந்ததை 1931-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வில்லியம் லோவரும் ஃபாரெலும் பதிவுசெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970-இல், ஸ்வீடனின் அறுவை மருத்துவர் பிலிப் சாண்ட்ப்ளோம் அதற்கு ‘ஹீமோசக்கஸ் பேன்கிரியாடிகஸ்’ என்று பெயரிட்டார். பித்தநாளத்தில் ரத்தம் வருவதற்கு ‘ஹீமோபிலியா’ என்ற பெயரை 1948-இல் தந்தவரும் அவரே. (ரத்தம் உறையாத பரம்பரை நோய்க்கும் தமிழில் அதே எழுத்துகள்தாம் வருகின்றன, அது வேறு, இது வேறு.) இடையில் நடந்தது என்ன? 1953-இல் செல்டிங்கர் தொடையிலிருந்தே தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தும் எளிய முறையைக் கண்டார். சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது உயிரோடு இருக்கும் மனிதருக்குள்ளேயே தமனியின் புடைப்பு தெரியத் தொடங்கியது. தமனி தெரிந்தபின் நோய்க்குப் பெயர் வந்தது. ஒரு நோய் எப்போது தோன்றியது என்பதும் எப்போது கண்ணில் பட்டது என்பதும் வேறுவேறு கேள்விகள். இரண்டையும் குழப்புகிற இடத்தில்தான் அரிது என்ற சொல் தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது.

அப்படியானால் கணைய நோய் நம் பக்கத்தில் முன்பே இருந்ததா என்று கேட்கத் தோன்றும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்ததாகச் சொல்லப்படும் பாண்டியனின் வெப்புநோயை மதுரை மறக்கவில்லை. திருவதிகையில் அப்பரைத் துடிக்கவைத்த சூலையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தையும் சூலையையும் வகைவகையாகப் பிரிக்கின்றன. இவற்றில் ஒன்றை எடுத்து, இதுவே கணைய அழற்சி என்று நிறுவ முற்படுவது வீண்வேலை. அந்தச் சொற்கள் உறுப்பைக் குறிக்கவில்லை. வலியின் போக்கைக் குறிக்கின்றன. உண்டபின் வலிக்கிறதா, பசியில் வலிக்கிறதா, முதுகுக்கு ஓடுகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று கேட்டுப் பிரித்த அறிவு அது. அதை இன்றைய உறுப்புகளின் பட்டியலுக்குள் திணித்தால் பழைய அறிவும் கெடும், புதிய அறிவும் கெடும். ஆனால் வலியின் காலவரிசையைக் கேட்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கே குறித்துவைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

பழங்கதையை விட்டுவிட்டு, பதிவான சான்றுக்கு வருவோம். கணையத்தில் கல் இருந்த நீரிழிவு நோயாளி ஒருவரை 1788-இல் இங்கிலாந்தில் தாமஸ் காலி விவரித்தார். இந்தியாவில் 1937-இல் விசாகப்பட்டினத்திலிருந்து கினி கணையக் கற்களைப் பற்றி எழுதினார். 1959-இல் இந்தோனேசியாவில் சுயிடெமா, ஊட்டமற்ற ஏழை இளைஞர்களிடம் கணையக் கல்லும் நீரிழிவும் சேர்ந்துவரக் கண்டார். ஆனால் இந்த நோயின் முழு உருவத்தைத் தீட்டியவர் கேரளத்தின் பி. ஜே. கீவர்கீஸ். 1960-களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, சிறுவயதில் வயிற்றுவலி, பருவ வயதில் நீரிழிவு, வாலிப வயதில் சாவு என்று நோயின் வழியை வகுத்தார். 1968-இல் அவருடைய நூலும் வந்தது. சென்னையில் மு. விசுவநாதனும் அவர் மகன் வி. மோகனும் நீரிழிவின் பக்கத்திலிருந்து அதே நோயை ஆராய்ந்தார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவின் ஒரு வகையாகப் பட்டியலில் சேர்த்தது. உலகின் வேறு இடங்களில் குறைவாகவே கிடைத்த ஒரு கணைய நோய்க்குத் தென்னிந்தியா தாய்மண்ணாக இருந்தது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. கல் படிந்த கணையத்தின் நீண்டநாள் அழற்சியில் நீர்க்கட்டி உண்டாகும். நீர்க்கட்டியில் தமனி அரிபடும். வேர் இவ்வளவு பரவியிருந்த நிலத்தில் கனி மட்டும் எப்படி அரிதாக இருக்கும்?

காரணம் மரவள்ளிக்கிழங்கு என்று சொன்னவர்கள் உண்டு. கிழங்கிலிருந்து உடலில் சேரும் சயனைடை முறிக்கக் கந்தகம் உள்ள புரதக்கூறுகள் தேவை. ஏழையின் தட்டில் அவை குறைவு. ஆகவே கணையம் கெடுகிறது என்று 1979-இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் வாதிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசர் விசாகம் திருநாள் பரப்பிய கிழங்கு, இரண்டாம் உலகப்போரின் அரிசிப் பஞ்சத்தில் கேரளத்தின் உயிர் காத்தது. ஆகவே வாதம் பொருந்துவதுபோல் இருந்தது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அது தடுமாறுகிறது. 1895-இல் பெரியாறு அணை நீர் வைகைப் பாசனத்துக்கு வந்தபின் மதுரைப் பகுதி நெல்லுக்குத் திரும்பியது. அணை நீர் எட்டாத மேட்டுக்காடுகள் கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டன. மரவள்ளிக்கிழங்கு இங்கே முதன்மை உணவாக இருந்ததில்லை; சேலத்தில் விளைந்ததும் பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்கே போயிற்று. கிழங்கு உண்ணாத ஊர்களிலும் கணையக் கல் இருந்தது; கிழங்கையே நம்பி வாழ்ந்த ஆப்பிரிக்கப் பகுதிகள் சிலவற்றில் கல் இல்லை. பசியும் ஊட்டக்குறையும்தான் காரணம் என்ற வாதத்திலும் ஒரு முடிச்சு உண்டு: கணையம் கெட்டால் தின்றது செரிக்காது, ஆள் மெலிவார், மெலிவு காரணமா, விளைவா? 2002-இல் ஐதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர், கணையத்தின் சாறு கணையத்தையே கரைக்காமல் காக்கும் ‘ஸ்பிங்க்-1’ என்ற மரபணுவில் மாற்றம் இந்த நோயாளிகளில் பலருக்கு இருப்பதைக் காட்டினார்கள். உணவை மட்டும் குற்றவாளியாக்கிய காலம் அதோடு முடிந்தது.

இப்போது மருத்துவமனைகளின் பக்கம் திரும்பலாம். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருந்தகம் வைத்தது. பிறகு ஃபிராங்க் வான் ஆலன் ஆல்பர்ட் விக்டர் மருத்துவமனையைக் கட்டினார். 1934 முதல் 1940 வரை சென்னை ஆளுநராக இருந்த எர்ஸ்கினின் பெயரில் அரசு மருத்துவமனை எழுந்தது. 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி பின்னாளில் அரசு இராசாசி மருத்துவமனை ஆனது. மக்கள் வாயில் அன்றும் இன்றும் அது பெரியாஸ்பத்திரிதான். தென்மாவட்டங்களின் ரத்த வாந்தியும் கருமலமும் அந்த வாசலுக்கே வந்துசேர்ந்தன. ஆனால் அந்தக் காலத்துத் தென்னிந்திய அறுவை மருத்துவத்தின் கண் முழுவதும் முன்சிறுகுடல் புண்ணின் மேல் இருந்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், குடல்புண்ணுக்கு ஏராளமான அறுவைகள் செய்து, 1936-இல் ஆர் என்பவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் இதழில் எழுதினார். தென்னிந்தியா குடல்புண்ணின் நாடு என்று உலகம் அறிந்தது. வயிற்றுவலியும் கருமலமும் சேர்ந்துவந்தால் அல்சர் என்பது அதன்பின் ஊரறிந்த பாடம். வயிற்றைத் திறந்து பார்த்து முன்சிறுகுடலில் பழைய வடு ஒன்று கிடைத்துவிட்டால், இரைப்பைக்குப் பின்னால் கைவிட்டுக் கணையத்தைத் தடவிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. பெருவாரியாக இருக்கும் நோய் ஒன்று, அதே அடையாளத்தோடு வரும் சிறுபான்மை நோயைத் தன் பெயருக்குள் விழுங்கிவிடும். கணையத்திலிருந்து வந்த ரத்தம் எத்தனை பேருக்கு அல்சர் என்ற பெயரில் எழுதப்பட்டதோ, அதை எண்ண இனி வழியில்லை. எண்ண வழியில்லாத ஒன்றைப் பூஜ்யமாகக் கொள்ளவும் நியாயமில்லை.

அல்சர் பின்வாங்கியபோது குடி முன்னே வந்தது. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மீண்டும் போனது. 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. குடிக்கிறவர்கள் எல்லாருக்கும் கணையம் கெடுவதில்லை; ஆனால் கெடுகிறவருக்கு ஆண்டுக்கணக்கில் குடித்தபின்தான் கெடுகிறது. ஆகவே கடை திறந்த ஆண்டுக்கும் படுக்கை நிறையும் ஆண்டுக்கும் இடையே ஒரு தலைமுறையின் தூரம் இருக்கும். 2008-இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வு ஒன்று, நாட்பட்ட கணைய அழற்சி உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்தது: 38.7 விழுக்காட்டினருக்குக் குடி காரணம். கீவர்கீஸ் தீட்டிய பழைய வெப்பமண்டல வடிவம் 3.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே பொருந்தியது. அவர்களையும் சேர்த்து ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினருக்குக் காரணம் புலப்படவில்லை. நோயாளியின் முகம் மாறிவிட்டது: மெலிந்த சிறுவனின் இடத்தில் உழைக்கும் வயது ஆண். மதுவிலக்கைக் கொண்டுவந்தவரின் பெயரைத் தாங்கிய மதுரை மருத்துவமனைக்கு இன்று குடியால் கெட்ட வயிறுகள் வருவது வரலாற்றின் குறும்பு. இந்த மாற்றம் பார்வையில் புதிய மறைப்பையும் கொண்டுவந்தது. குடிக்கிறவர் ரத்தம் கக்கினால் கல்லீரல் என்று முடிவுகட்டுவது இப்போதைய பழக்கம். முன்பு அல்சர் நின்ற இடத்தில் இன்று கல்லீரல் நிற்கிறது. கணையம் அன்றுபோல் இன்றும் பின்னால் கிடக்கிறது.

கருவிகள் வந்துவிட்டனவே, இனி என்ன மறைப்பு என்று கேட்கலாம். எண்டோஸ்கோப்பி இரைப்பையின் புண்ணையும் உணவுக்குழாயின் நாளத்தையும் நன்றாகக் காட்டும். கணைய நாளத்தின் வாசலோ முன்சிறுகுடலின் பக்கச்சுவரில் இருக்கிறது. நேரே பார்க்கும் குழாய்க்கு அது எளிதில் அகப்படாது, பக்கம் பார்க்கும் குழாய் வேண்டும். அதோடு, பார்க்கும் நேரத்தில் ரத்தம் வடிந்துகொண்டிருக்க வேண்டும். இங்கேதான் தூரம் நோயின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. கம்பத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். உள்ளூர் மருத்துவர், தாலுகா மருத்துவமனை, அங்கே ஒரு நாள் பாட்டில், பிறகு பெரியாஸ்பத்திரி என்று வந்துசேர்வதற்குள் ரத்தம் நின்றிருக்கும். குழாய் விட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரத்தம் ஏற்றி, ரத்தசோகைக்குச் சத்து மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருக்கவைக்கும். ஆகவே அடுத்தமுறை மலம் கருத்தால் மாத்திரைதான் காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். எத்தனை முறை சேர்ந்தார், ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோப்பி என்ன சொன்னது என்பது வெவ்வேறு ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் சிதறிக்கிடக்கும். யாருடைய கவனக்குறைவும் இல்லாமலேயே, ஒவ்வொரு படியும் சரியாக நடந்தும், நோய் தப்பித்துக்கொள்ளும்.

ஒரே இடத்தில் ரத்தக்கசிவு நோயாளிகள் குவிந்து, ஒரே குழு அவர்களைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையே சான்று. அங்குள்ள இரைப்பை குடல் அறுவைத் துறையினர், பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கணையத்தின் வழியாக ரத்தம் கசிந்ததாகத் தாங்கள் கண்ட 31 நோயாளிகளைப் பற்றி 2009-இல் எழுதினார்கள். உலக இலக்கியத்தில் இந்த நோய் பெரும்பாலும் ஓரிருவர் கதையாகவே அச்சேறிவந்த நிலையில், ஒரே அரசு மருத்துவமனையிலிருந்து 31 பேர் என்பது பெரிய எண். அரிய நோயாளிகள் ஸ்டான்லிக்கு மட்டும் தனியாக வந்துசேர்ந்தார்கள் என்பதைவிட, அங்கே அதைத் தேடத் தெரிந்த கண்கள் இருந்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பும்கூட. பெரிய மருத்துவமனைக்குச் சிக்கலான நோயாளிகள் வடிகட்டப்பட்டு வருவார்கள். ஆகவே அங்குள்ள எண்ணை ஊருக்குப் பொதுவாக்கக் கூடாது. உண்மை. ஸ்டான்லியின் எண்ணை வைத்து மதுரைச் சமவெளியின் விகிதத்தைக் கணக்கிட முடியாது. இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது: ரத்தம் கக்கும் ஒவ்வொருவருக்கும் சாயம் செலுத்திய சிடி ஸ்கேன் எடுத்தால் அரசு மருத்துவமனை தாங்காது, சாயம் சிலருடைய சிறுநீரகத்துக்கும் கேடு. இதுவும் உண்மை. ஆனால் இரண்டு மறுப்பும், எல்லாரிடமும் தேட வேண்டும் என்ற வாதத்துக்கே பதில். வாதம் அதுவன்று. அரிது என்பது ஊர் முழுவதையும் வகுத்துக் கிடைத்த சராசரி. எதிரே படுத்திருப்பவர் சராசரி ஆள் அல்லர். கணையக் கல் உள்ளவர், முன்பு கணைய அழற்சிக்குச் சேர்ந்தவர், நீண்டநாள் குடித்தவர், எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் இரண்டாம் முறை கருமலத்தோடு வந்தவர் என்று வடிகட்டினால் எஞ்சுவது சிறு கூட்டம். அந்தச் சிறு கூட்டத்துக்குள் இந்த நோய் அரிதாக இருக்க வாய்ப்பில்லை. சிகிச்சையின்றி விட்டால் பத்தில் ஒன்பது பேர் இறப்பார்கள் என்று நூல்கள் சொல்லும் நோய் இது. இன்று தொடைத் தமனி வழியே குழாய் செலுத்தி, புடைத்த இடத்தை உலோகக் கம்பிச் சுருளால் உள்ளிருந்தே அடைக்க முடிகிறது. 1970-களில் பிறந்த அந்த முறை, வயிற்றைக் கிழிக்காமலேயே பலரைக் காப்பாற்றுகிறது. தீர்வு இல்லாத நோயை மறப்பது ஒன்று. தீர்வு உள்ள நோயை அரிது என்று சொல்லி மறப்பது வேறு.

இங்கேதான் முன்பு குறித்துவைத்த பழைய பழக்கம் திரும்ப வருகிறது. குன்மத்தையும் சூலையையும் பிரித்த வைத்தியர்களுக்குக் கணையக் கட்டியைத் தெரியாது. தெரிந்திருந்தது என்று சொல்வது பொய். ஆனால் வலி எப்போது ஏறியது, எப்போது தணிந்தது, அதற்குப்பின் என்ன ஆனது என்று வரிசையாகக் கேட்டார்கள். கணையத்திலிருந்து வரும் ரத்தம் மற்ற ரத்தக்கசிவுகளிலிருந்து வேறுபடுவது அந்த வரிசையில்தான்: மேல்வயிற்றில் வலி கூடும், சட்டென்று குறையும், பிறகு மலம் கருக்கும். கருவிகள் உறுப்பைக் காட்டத் தொடங்கியதும் இந்தக் காலவரிசையைக் கேட்பது குறைந்தது. ரத்தம் நின்றபின் வந்துசேரும் நோயாளியிடம் கருவி பார்க்க ஒன்றும் இல்லாதபோது, அந்த வரிசை ஒன்றுதான் மிச்சமிருக்கும் சான்று. ஆகவே மதுரைக்குப் பேருந்தில் வந்து இறங்குகிறவரிடம் “எப்போது ரத்தம் போச்சு?” என்பதோடு நிறுத்தாமல், “அதுக்கு முன்னாடி வலிச்சுதா, போனப்புறம் வலி விட்டுச்சா?” என்றும் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதிவைப்பது நல்லது. செலவில்லாத அந்த ஒரு வரி, யாருக்குச் சிடி தேவை என்பதைச் சொல்லிவிடும்.